கடைக்குள் ஒரு கோப்பு வழங்கி

கொச்சங்காடியிலும் அதனையடுத்த மட்டாஞ்சேரித் தெருக்களிலும் மிளகு, சுக்கு, ஏலம் முதலிய மலைச்சரக்கு வாணிகம் செய்வோர் பலர் எங்கள் வாடிக்கையாளர்கள். அவர்களுடைய சரக்கு இன்றும் சாக்கில்தான் வருகிறது. ஆனால் அச்சரக்கைச் சார்ந்த காகிதங்கள் ஏறத்தாழ முழுவதும் கணினிக் கோப்புகளாகிவிட்டன. விலைப்பட்டியல், பொதிப்பட்டியல், கப்பல் சரக்குச் சீட்டு, ஜிஎஸ்டி அறிக்கை, ஊழியர் சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு அறிக்கை என ஒரு சிறு நிறுவனத்தில்கூட நாள்தோறும் பல கோப்புகள் உருவாகின்றன. முன்னறையில் ஒரு கணினி, கிடங்கில் ஒன்று, மாடியில் கணக்கருக்கு ஒன்று என்று இருக்கும் கடையில் இக்கோப்புகள் எவ்வழியாகச் செல்கின்றன என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் விடை இரண்டுதான்: பென்டிரைவ் அல்லது வாட்ஸ்அப் குழு.

இவ்விரண்டிலும் உள்ள குறை வசதி பற்றியதன்று, பணம் பற்றியது. சரக்கு கொடுத்தவரின் வங்கிக் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் அடங்கிய பட்டியல் ஐந்து கைப்பேசிகளில் ஐந்து படிகளாகக் கிடக்கும்போது, எது இறுதியானது என்பது எவருக்கும் தெரிவதில்லை. கணக்கு எண்ணை மட்டும் மாற்றிய போலி விலைப்பட்டியல் ஒன்று இடையில் நுழைந்தால், பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்ச் சேரும். இணையவழி வங்கிச் சேவைக்கான கடவுச்சொல்லையும் அதே குழுவில் எழுதி வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் நாள் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வகையில் தெளிவானது. கடவுச்சொல் முதலியவற்றைப் பிறரிடம் பகிர்ந்த வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்தால், அதனை வங்கிக்கு அறிவிக்கும் வரையிலான இழப்பு முழுவதும் அவரையே சாரும்.

மற்றொரு காரணமும் உண்டு. ஜிஎஸ்டி சட்டத்தின்படி ஓராண்டின் கணக்குகளையும் ஆவணங்களையும், அவ்வாண்டின் ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். ஆறாண்டுக் காலம் ஒரு கைப்பேசி உழைப்பதே அரிது.

ஆகவே கோப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் இருக்க வேண்டும். உரியவர் மட்டும் அவற்றை எடுக்கவும் வைக்கவும் வேண்டும். யார் எப்போது வந்தார் என்ற பதிவும் இருக்க வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மூலையில் கிடக்கும் பழைய கணினியும், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளமும் போதும்.

லினக்ஸ் என்றதும் தயங்குவோர் உண்டு. கேரளத்தில் அத்தயக்கத்துக்கு இடம் குறைவு. இம்மாநில அரசு 2001இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கிக் காலப்போக்கில் பள்ளிக் கணினிகளைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. அத்திட்டமே 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாயிற்று. அது பள்ளிகளுக்கு வழங்கும் கைட் குனு லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. மாநிலப் பாடத்திட்டத்தில் உயர்நிலை வகுப்பில் படிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருந்தால், கீழே நாங்கள் சொல்வதில் பாதியை அவர்களே செய்து தருவர்.

எஃப்டிபி ஏன் வேண்டாம்

கோப்புப் பரிமாற்றம் என்றவுடன் கணினி அறிந்தோர் வாயில் முதலில் வரும் பெயர் எஃப்டிபி. இந்நெறிமுறையின் முதல் வரைவை எழுதியவர் ஓர் இந்தியர் என்பது பலரும் அறியாத செய்தி. கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் பயின்று 1965இல் பட்டம் பெற்ற அபய் பூஷண், அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது 1971 ஏப்ரலில் அதனை வெளியிட்டார். இணையம் என்ற சொல்லே பரவாத காலம் அது. ஆர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் சில பல்கலைக்கழகங்களும் ஆய்வகங்களும் மட்டுமே இணைந்திருந்தன. ஒருவரையொருவர் அறிந்தவர்களிடையே எழுந்த ஏற்பாடாதலால், பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறைப்பு ஏதுமின்றி வெளிப்படையாகவே கம்பியில் சென்றன. அக்காலத்துக்கு அது குற்றமன்று. உறையில் இடாத அஞ்சலட்டையில் ஊர்ச் செய்தி எழுதலாம்; காசோலையை ஒட்டி அனுப்பலாகாது.

எஃப்டிபியின் காலம் முடிந்ததைப் பெரிய நிறுவனங்களே அறிவித்துவிட்டன. டெபியன் லினக்ஸ் திட்டம் 2017 நவம்பரில் தனது பொது எஃப்டிபி சேவையை நிறுத்தியது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் ஆகிய இரு உலாவிகளும் 2021இல் அதற்கான ஆதரவை நீக்கின. ஆயினும் பழைய வழிகாட்டி நூல்களில் விஎஸ்எஃப்டிபிடி என்ற வழங்கியை நிறுவும் முறையே இன்னும் காணப்படுகிறது. அம்மென்பொருள் நன்கு எழுதப்பட்டதே. எனினும் 2011 ஜூலையில் நிகழ்ந்த ஒன்றை அறிந்து வைத்தல் நல்லது. அதன் 2.3.4 பதிப்பின் மூலத் தொகுப்பை, பதிவிறக்கத் தளத்திலேயே எவரோ மாற்றி வைத்துவிட்டனர். பயனர் பெயரில் ஒரு சிரிப்புக் குறியைச் சேர்த்துத் தட்டினால் கணினி முழுவதும் வந்தவர் கைக்குப் போய்விடும்படி அதில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. மென்பொருளை எங்கோ ஒரு தளத்திலிருந்து இறக்காமல், உபுண்டு அல்லது டெபியனின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே நிறுவ வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனாலேயே. அங்குள்ள தொகுப்புகள் மின்கையொப்பத்துடன் வருகின்றன. நிறுவும் போது கணினியே அக்கையொப்பத்தைச் சரிபார்க்கும்.

எஃப்டிபிக்கு மாற்று எஸ்எஃப்டிபி. பெயர் ஒத்திருப்பினும் வழி வேறு. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, அங்கிருந்த தாத்து யுலோனென் 1995இல் எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்க நெறிமுறையை உருவாக்கினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23 என்று எண்கள் இருக்க, இரண்டுக்கும் மாற்றாக வந்த தம் நெறிமுறைக்கு இடையில் காலியாக இருந்த 22ஆம் எண்ணைக் கேட்டுப் பெற்றார். எஸ்எஃப்டிபி அந்த எஸ்எஸ்எச்சின் உள்ளேயே இயங்குவது. பெயர், கடவுச்சொல், கோப்பு மூன்றும் மறைகுறியாக்கப்பட்டே செல்லும். பெருநிறுவனங்கள் தங்கள் சம்பளக் கோப்புகளை வங்கிகளுக்கு நேரடியாக அனுப்பும் ஏற்பாடுகளிலும் இதுவே பரவலாக வழக்கில் உள்ளது.

அமைக்கும் முறை

கீழ்க்காணும் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படியே தருகிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று கணினிகள் உள்ள ஒரு கடையை மனத்திற்கொண்டு விளக்குகிறோம்.

நான்கு ஜிபி நினைவகம் உள்ள பழைய மேசைக் கணினி தாராளமாகப் போதும். வன்தட்டு மட்டும் புதிதாக இருத்தல் நல்லது. பழைய கணினியில் முதலில் பழுதாகும் உறுப்புகளுள் அதுவும் ஒன்று. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை நிறுவுங்கள். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் அப்பதிப்புக்கு ஐந்தாண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். ரவுட்டருடன் கம்பி வழியே இணைத்து, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அக்கணினிக்கு மாறாத முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். 192.168.1.50 என்பது போன்ற உள்முகவரியாக அது இருக்கும். நாளுக்கொரு முகவரி மாறினால் பிற கணினிகள் அதனைத் தேடி அலையும். மேற்குக் கொச்சியில் வேலியேற்றத்தின்போது தரைத்தளத்தில் நீர் புகும் தெருக்கள் உண்டு என்பதை இங்கிருப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணினியைத் தரையில் வைக்காமல் இடுப்புயரப் பலகையில் வையுங்கள். ஒரு யுபிஎஸ்ஸும் இணையுங்கள்.

முனையத்தைத் திறந்து 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்றும், அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர்' என்றும் கட்டளையிடுங்கள். வழங்கி வந்துவிட்டது. உண்மையில் நிறுவல் இவ்வளவே. மீதி வேலையெல்லாம் யார் எதுவரை வரலாம் என்று வரையறுப்பதே. அதில் செலவிடும் நேரமே பயனுள்ளது.

முதலில் ஒரு குழு: 'சூடோ குரூப்ஆட் கடை'. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர்: 'சூடோ ஆட்யூசர் கணக்கர்', 'சூடோ ஆட்யூசர் கிடங்கு' என்பன போல. அவர்களைக் குழுவில் சேர்க்க 'சூடோ யூசர்மாட் -ஏஜி கடை கணக்கர்'. இதில் 'ஏ' சிறிய எழுத்து, 'ஜி' மட்டும் பெரிய எழுத்து. எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெயர் வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்காதீர்கள். எங்கள் கிளையில் ஒவ்வோர் அலுவலரும் தம் சொந்த அடையாளத்துடன் மட்டுமே கணினியில் நுழைகிறார். பதிவேட்டில் பெயர் இல்லாத கையொப்பத்தால் பின்னர் எதையும் நிறுவ இயலாது.

அடுத்தது கோப்புறை. '/எஸ்ஆர்வி/கடை' என்றொரு கோப்புறையும், அதனுள் 'பில்' என்று மற்றொன்றும் அமையுங்கள். வெளிக்கோப்புறைக்கு உரிமையாளர் ரூட் என்ற நிர்வாகியாகவே இருக்க வேண்டும். பிறர் எவரும் அதில் எழுத இயலாதவாறு 755 என்ற அனுமதி வேண்டும். புதியவர் பலரும் தடுமாறும் இடம் இது. இங்கே தளர்வாக அனுமதி கொடுத்தால், வழங்கி காரணம் கூறாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். மனைக்கு உரியவர் ஒருவர், உள்ளறையில் வேலை செய்வோர் வேறு சிலர் என்று கொள்ளுங்கள். எழுதும் உரிமை உள்ளே இருக்கும் 'பில்' கோப்புறைக்கே. அதனைக் 'சூடோ சிஎச்ஜிஆர்பி கடை /எஸ்ஆர்வி/கடை/பில்' என்று குழுவுக்கு உரியதாக்கி, 'சூடோ சிஎச்மாட் 3770 /எஸ்ஆர்வி/கடை/பில்' என்று அனுமதி கொடுங்கள். இந்த 3770 எண்ணில் ஒரு நுட்பம் உண்டு. குழுவினர் எவரும் அங்கே கோப்பு இடலாம், பிறர் இட்டதைப் படிக்கலாம். ஆனால் ஒருவர் இட்டதை மற்றவர் அழிக்கவோ பெயர் மாற்றவோ இயலாது. கிடங்கிலிருந்து வந்த எடைச்சீட்டைக் கணக்கர் அழிக்க முடியாது; கணக்கர் இட்ட பட்டியலைக் கிடங்கார் அழிக்க முடியாது. வங்கியில் ஒருவர் பதிய, மற்றொருவர் சரிபார்க்கும் முறைக்கு இது நெருங்கிய உறவு.

இனி, '/எடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்' என்ற அமைவுக் கோப்பைத் திறந்து, அதன் கடைசியில் ஐந்து வரிகளைச் சேர்க்க வேண்டும். 'மேட்ச் குரூப் கடை' என்பது முதல் வரி. அதன் கீழே 'குரூட்டைரக்டரி /எஸ்ஆர்வி/கடை', 'ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி', 'அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ', 'எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ'. இவ்வரிகளின் தொடக்கத்தில் வரும் திறவுச்சொற்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டால் பிழை நேராது. எழுத்துக்கூட்டல் மட்டும் சரியாக இருக்க வேண்டும். பொருள் இதுவே: இக்குழுவினர் வந்தால் அந்தக் கோப்புறைக்கு அப்பால் எதையும் காணமாட்டார்கள், கோப்புப் பரிமாற்றம் தவிர வேறு கட்டளை எதையும் இயக்கவும் மாட்டார்கள். சேமித்தபின் 'சூடோ எஸ்எஸ்எச்டி -டி' என்று சோதியுங்கள். வரிகளில் பிழை இருந்தால் எந்த வரி என்று அது சொல்லும். ஒன்றும் சொல்லாவிட்டால் சரி. பிறகு 'சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்'.

விண்டோஸ் கணினிகளில் வின்எஸ்சிபி அல்லது ஃபைல்ஜில்லா என்ற இலவச மென்பொருளை நிறுவி, வழங்கியின் முகவரி, 22ஆம் எண், பயனர் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் இரு பலகங்கள் தோன்றும். ஒரு பக்கம் தம் கணினி, மறுபக்கம் வழங்கி. கோப்பை இங்கிருந்து அங்கே இழுத்து விடலாம். முதன்முறை இணையும்போது எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட தொடர் ஒன்றைக் காட்டி, 'இந்த வழங்கியை நம்புகிறீர்களா' என்று அம்மென்பொருள் கேட்கும். அது வழங்கியின் கைரேகை. படிக்காமல் 'ஆம்' என்று அழுத்துவதே பலர் வழக்கம். வழங்கியின் முன் அமர்ந்து 'எஸ்எஸ்எச்-கீஜென் -எல்எஃப் /எடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்_ஹோஸ்ட்_இடி25519_கீ.பப்' என்று கட்டளையிட்டால் அதே தொடர் திரையில் வர வேண்டும். இதில் 'எல்', 'எஃப்' இரண்டும் சிறிய எழுத்துகளே என்பதைக் கவனியுங்கள். காசோலைக் கையொப்பத்தை நாங்கள் மாதிரிக் கையொப்பத்துடன் ஒப்பிடுவது போன்றதே இது. பின்னொரு நாள் அத்தொடர் மாறியதாக எச்சரிக்கை வந்தால், வழங்கியை மீண்டும் நிறுவியதால் இருக்கலாம். அல்லது நடுவில் எவரோ புகுந்திருக்கலாம். காரணம் தெரியும்வரை இணைய வேண்டாம்.

கடவுச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளலாம், ஆயினும் சாவி இணை முறை மேலானது. பயனரின் கணினியில் 'எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519' என்று கட்டளையிட்டால் இரண்டு கோப்புகள் பிறக்கும். விண்டோஸ் 10, 11 பதிப்புகளிலும் இது இயங்கும். ஒன்று கமுக்கச் சாவி. அது அக்கணினியை விட்டு வெளியே போகலாகாது, அதற்கும் ஒரு கடவுத்தொடர் வையுங்கள். மற்றது பொதுச் சாவி. அதன் உள்ளடக்கத்தை வழங்கியில் அப்பயனரின் இல்லக் கோப்புறையில் '.எஸ்எஸ்எச்/ஆதரைஸ்டு_கீஸ்' என்ற கோப்பில் நிர்வாகி சேர்க்க வேண்டும். வங்கிப் பெட்டகத்தை வாடிக்கையாளர் சாவியும் வங்கிச் சாவியும் சேர்ந்தே திறப்பதை இதற்கு உவமை சொல்வதுண்டு. முற்றும் பொருந்தாது, பொதுச் சாவி எவர் கையில் கிடைத்தாலும் கேடில்லை. சாவி வழியே நுழைய முடிகிறது என்று உறுதியான பின்பு, மேற்சொன்ன ஐந்து வரிகளின் கீழே 'பாஸ்வேர்ட்ஆதென்டிகேஷன் நோ' என்று ஆறாவது வரியைச் சேருங்கள். அதன்பின் இக்குழுவினர் பெயரில் கடவுச்சொல்லை ஊகித்து நுழைய எவராலும் இயலாது.

கடைச் சுவருக்கு வெளியே

வீட்டிலிருந்தும் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று சிலர் விரும்புவர். அதற்காக ரவுட்டரில் 22ஆம் எண்ணை இணையத்துக்குத் திறந்துவிடும் யோசனையை நாங்கள் ஏற்பதில்லை. அவ்வாறு திறந்த கதவை உலகெங்கும் உள்ள தானியங்கி நிரல்கள் விரைவிலேயே தட்டத் தொடங்கும். 'சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஃப்ரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 22' என்று முதலில் உள்வலைக்கு மட்டும் இசைவளித்து, பிறகு 'சூடோ யுஎஃப்டபிள்யூ எனேபிள்' என்று தீச்சுவரை இயக்குங்கள். வெளியிலிருந்து வர வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், வயர்கார்டு போன்ற விபிஎன் ஒன்றைத் தேர்ந்தவர் துணையுடன் அமைத்துக்கொள்ளலாம்.

வழங்கி இருப்பதனாலேயே எல்லாவற்றையும் அதில் வைக்கலாம் என்பதில்லை. ஏடிஎம் பின் எண், இணைய வங்கிக் கடவுச்சொல், ஓடிபி ஆகியவை எந்தக் கோப்பிலும் இருத்தலாகாது. வங்கியும் அவற்றை ஒருபோதும் கேட்பதில்லை. ஊழியர் ஆதார் நகலை வைக்க நேர்ந்தால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கி வையுங்கள். சரக்கு விற்றவரின் கணக்கு எண் மாறியதாகப் புதிய தாள் வந்தால், அத்தாளில் உள்ள எண்ணை அழைக்காமல், முன்பே உங்களிடம் உள்ள எண்ணில் அவரை அழைத்துக் கேட்ட பின்பே வழங்கியில் உள்ள பட்டியலைத் திருத்துங்கள். இதையும் மீறிப் பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கும் உங்கள் கிளைக்கும் அந்நேரமே தெரிவியுங்கள். எவ்வளவு விரைவாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்புண்டு.

காப்புப்படி எடுக்காத வழங்கி அரைகுறையானது. வாரத்துக்கு ஒருமுறை வெளி வன்தட்டில் படியெடுத்து, அத்தட்டைக் கடையில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். கொச்சங்காடிக்கு இது புதிய பாடமன்று. இங்கிருந்த யூதத் தொழுகைக்கூடம் இன்று இல்லை. அதன் 1345ஆம் ஆண்டுக் கல்வெட்டு மட்டும் அருகிலுள்ள பரதேசி ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டு நமக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் காப்புத் தட்டிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்க முடியாத காப்புப்படிகளைத் தேவையின்போது கண்டுபிடிப்பதில் பயனில்லை.

யார் வந்து போனார் என்பதை 'சூடோ ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச்' என்ற கட்டளை நாள், நேரத்துடன் காட்டும். மாதக் கணக்கு முடிக்கும் நாளில் அதையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

இறுதியாக, ஊழியர் ஒருவர் விலகும்போது செய்ய வேண்டியது. அவரது கடவுச்சொல்லைப் பூட்டினால் போதும் என்று எண்ணலாகாது. சாவி வழியே அவர் தொடர்ந்து வரக்கூடும். குழுவிலிருந்து மட்டும் நீக்குவது இன்னும் ஆபத்து; குழுவுக்கு உரிய கட்டுப்பாடுகள் அவருக்கு நீங்கிவிடும். 'சூடோ சேஜ் -இ 0' என்பதையடுத்து அவரது பயனர் பெயரை எழுதிக் கணக்கையே காலாவதியாக்குங்கள். இக்கட்டளையில் 'இ' பெரிய எழுத்து. அவர் இட்ட கோப்புகள் அப்படியே இருக்கும். அவருக்கு உங்கள் வங்கிக் கணக்கை இணையத்தில் இயக்கும் அதிகாரம் இருந்திருந்தால், அதனை நீக்குவதற்கான கடிதத்தையும் அன்றே கிளையில் கொடுத்துவிடுங்கள்.